பீன்யாவில் கற்றது கல்யாண வீட்டில் உதவும்

கேமராவை நம்பிப் பிழைப்புக்கு இறங்குகிற எல்லாருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்பதுதான். கல்யாணம் எடுத்தால் கல்யாணம் மட்டும், சாப்பாடு எடுத்தால் சாப்பாடு மட்டும். அப்போதுதான் பெயர் நிற்கும், ரேட்டும் ஏறும் என்பார்கள். புதிதாகக் கேமரா வாங்கிய தம்பி ஒருவன் என்னிடமும் வந்து, "எதுல போறது அக்கா?" என்று கேட்டான். எல்லாவற்றிலும் போ என்றேன். அவன் நம்பவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

நான் பெங்களூரில் எல்லா வேலையும் எடுக்கிறேன். அல்சூரில் முகூர்த்தம், கோரமங்கலாவில் உணவகத்தின் மெனு, பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை கேட்லாக், வைட்ஃபீல்டு பக்கம் ஏதாவது ஓட்டலில் கம்பெனிக் கூட்டம். இவையெல்லாம் ஒரே வாரத்தில்கூட வரும். இப்படி அலைவது எனக்குப் பிடிக்கும் என்பது ஒரு பக்கம். ஒற்றை வேலையை நம்பி உட்கார எனக்குப் பயம் என்பது இன்னொரு பக்கம். நான் பிறந்தது கோலார் தங்கவயலில். ஊரே ஒரே சுரங்கத்தை நம்பி இருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்த ஊர் அது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். அதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 2001இல் சுரங்கம் மூடியபோது அப்பாவுக்கும் தெருவில் இருந்த எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. பக்கத்து வீட்டில் போய்க் கடன் கேட்கலாம் என்றால் அங்கேயும் அதே கதை. மாரிக்குப்பம் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலை தேடி வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அதைப் பார்த்து வளர்ந்தவளிடம் "ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று சொன்னால் அது எப்படி உள்ளே இறங்கும்?

2020இல் ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். கல்யாணம் மட்டும் எடுத்தவர்கள் கேமராவை விற்ற காலம் அது. எனக்குப் பார்சல் மெனு படங்கள் வந்தன. உட்கார்ந்து சாப்பிட ஆள் வராத உணவகங்கள் எல்லாம் உணவு டெலிவரி ஆப்பில் படம் போட வேண்டிய கட்டாயத்தில் இருந்தன. அதனால் வாடகை கட்ட முடிந்தது.

பணத்தை விட்டுவிடலாம். தொழில் கற்றுக்கொள்வதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

பீன்யாவில் ஒரு பட்டறைக்குக் கேட்லாக் எடுக்கப் போனேன். ஜனவரியில் துமகூரு சாலைக் கண்காட்சி வளாகத்தில் ஐம்டெக்ஸ் என்ற இயந்திரக் கருவிக் கண்காட்சி நடக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் பீன்யாவில் பல பேருக்குப் படம் தேவைப்படும். கண்ணாடி போலப் பாலிஷ் செய்த எஃகு ஷாஃப்ட், பற்சக்கரம், விளிம்பு கூர்மையாகக் கடைந்த புஷ் என்று மேஜை நிறைய வைத்தார்கள். மேற்பார்வையாளர் சேலத்துக்காரர். முதல் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "ஏம்மா, பளபளன்னு பாலிஷ் போட்டுக் குடுத்திருக்கோம், படத்துல கறுப்பா தெரியுதே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பளபளப்பான உலோகத்துக்கென்று தனி நிறம் அதிகம் இல்லை. சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். ஷெட்டின் கூரை இருட்டு, அதனால் எஃகும் இருட்டு. எஃகின் மேல் எத்தனை லைட் அடித்தாலும் பல்பு தெரிகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், மற்ற இடமெல்லாம் அப்படியே கறுப்பாக நிற்கும். ஆகவே பொருளை விட்டுவிட்டு, அது பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். மேலேயும் பக்கங்களிலும் டிரேசிங் பேப்பர் கட்டி, அந்தத் தாளின் பின்னாலிருந்து லைட் விடுவேன். எஃகு இப்போது வெள்ளைத் தாளைப் பார்க்கும், வெள்ளியாகத் தெரியும். ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிட்டால் வடிவம் காணாமல் போய்விடும். விளிம்பு எங்கே, வளைவு எங்கே என்று தெரியாது. அதற்காக இரண்டு பக்கமும் மெலிசாகக் கறுப்பு அட்டை நிறுத்த வேண்டும். அந்தக் கறுப்புக் கோடு உலோகத்தில் ஓடும்போதுதான் அது உருண்டையா தட்டையா என்று கண்ணுக்குப் புரியும். அட்டையை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் கோடு வேறு இடத்துக்குப் போய்விடும். பாதி நாள் இந்த நகர்த்தலிலேயே போகும். அந்த மேற்பார்வையாளர் கடைசியில் தானே அட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் உள்ளே வரட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். வேலை தெரிந்த மனிதர். விளிம்பு சரியாகத் தெரிய வேண்டும் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் அக்கறை.

இதில் இன்னொன்று. கேமராக் கடையில், லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் எல்லாப் பிரதிபலிப்பும் போய்விடும் என்று சொல்லி விற்பார்கள். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் போட்ட மரம், எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றின் பளபளப்பை அது குறைக்கும், சரிதான். பூச்சு எதுவும் இல்லாத உலோகத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அப்படி வடிகட்டும் விதத்தில் இருப்பதில்லை. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கையில் உறைத்தது பீன்யாவில்தான்.

அப்புறம் டிபன் ரூம். பெங்களூரில் எடுக்கிற சைவ உணவகப் படம் எதிலும் எவர்சில்வர் தப்பாது. டவரா டம்ளர், கிண்ணம், தட்டு எல்லாமே எவர்சில்வர். ஜன்னல் ஓரம் வைத்து எடுத்தால் டம்ளரில் ஜன்னல் தெரியும், ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ தெரியும், கேமராவோடு குனிந்து நிற்கிற நானும் தெரிவேன். சாப்பாடு மட்டும் எடுத்துப் பழகிய பலரும் இதற்காகவே பீங்கான் தட்டு கொண்டுவரச் சொல்வார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பாது. ஃபில்டர் காபியைப் பீங்கான் கோப்பையில் ஊற்றிப் படம் எடுத்தால் அந்தக் கடைக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? பீன்யாவில் கட்டிய அதே தாள், அதே கறுப்பு அட்டை. டம்ளரின் இரண்டு பக்கமும் நேராக ஒரு கோடு இறங்கும், நடுவில் வெள்ளி. நுரை அடங்குவதற்குள் எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் புதிது. அதனால் முதலில் வெறும் டம்ளரை வைத்து எல்லாம் சரிபார்த்துவிட்டு, கடைசியில்தான் காபியை ஆற்றச் சொல்வேன்.

உணவகத்தில் நேரம் கேட்டு வாங்குவதும் ஒரு வித்தை. காலை டிபன் கூட்டம் வடிந்து மதியச் சாப்பாடு தொடங்குமுன் ஒரு இடைவெளி, மதியம் முடிந்து மாலை டிபனுக்கு முன் ஒரு இடைவெளி. நான் மாலையைத்தான் கேட்பேன். மாஸ்டர் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருப்பார், கோபம் இருக்காது. அடுப்படிக்குப் போய் அவரிடம் பேசாமல் நான் எந்த மெனு வேலையையும் தொடங்கியதில்லை. முதலாளி என்ன சொன்னாலும் தோசை அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு மாஸ்டர், விருதுநகர்ப் பக்கம், "படத்துக்கு ஏன் மேடம் சின்னதா போடணும்? நம்ம தோசையே பெருசுதானே?" என்று கேட்டார். தட்டுக்கு வெளியே தொங்கினால் ஆப்பின் சிறிய சதுரத்துக்குள் தோசை அடங்காது, முறுகல் எது ஓரம் எது என்று தெரியாது என்று திரையில் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப நீளமா வேணாம், கூம்பா நிறுத்தித் தரேன்" என்றார். அது என் யோசனையைவிட நல்ல யோசனை. கூம்பு என்றால் கேமராவைத் தாழ்த்தி எதிரே வைக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் ஓட்டை மட்டும்தான் தெரியும். இலைச் சாப்பாடு என்றால் நேர் மேலிருந்து. நெய் ரோஸ்டின் மினுமினுப்பு வேண்டும் என்றால் வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து சரிந்து வர வேண்டும். இட்லியின் ஆவி தெரியவும் அதேதான், கூடவே பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வாழை இலைக்குப் போலரைசர் போட்டால் பச்சை நன்றாக ஏறும். முழுக்கத் திருகினால் குழம்பின் எண்ணெய்ப் பளபளப்பும் சேர்ந்து போய், நேற்று வைத்த குழம்பு மாதிரி ஆகிவிடும். பாதியில் நிறுத்த வேண்டும்.

சாப்பாட்டுப் படத்தில் பசை, ஷேவிங் நுரை, இஞ்சின் ஆயில் எல்லாம் போடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. விளம்பரத் துறையில் அப்படிச் செய்திருக்கிறார்கள்தான். நான் செய்ய மாட்டேன். படத்தில் இருப்பது தட்டில் வர வேண்டும், அதே அளவில் வர வேண்டும். 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. படத்தைப் பார்த்து ஆசையாக ஆர்டர் போடுகிறவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. வேலை முடிந்ததும் எடுத்த தோசையை எல்லாரும் பிய்த்துச் சாப்பிடுவோம்.

கம்பெனிக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. மேடை, பேனர், பூங்கொத்து, குழுப் படம். பேசுகிறவருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், மைக் வாயை மறைக்கும். இரண்டு அடி பக்கவாட்டில் போங்கள். ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அவர் சபையைப் பார்க்கிற நொடிக்குக் காத்திருங்கள். மேடையில் ஊதாவும் ரோஸும் அடிக்கிற எல்.இ.டி. லைட்டுகளில் முகத்தின் சிவப்புதான் முதலில் வெந்துபோகும், அதாவது விவரம் எதுவும் இல்லாமல் ஒரே திட்டாகிவிடும். அப்படிப் போனதைப் பிறகு கணினியில் மீட்க முடியாது, அதனால் கொஞ்சம் இருட்டாகவே, கேமரா பதிவதைச் சுருக்காமல் வைக்கும் ரா கோப்பாக எடுக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, நிகழ்ச்சிக்கு முன்னால் லைட் போடுகிறவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுவது. சிவாஜிநகரிலிருந்து வரும் லைட் ஆட்கள் பலர் தமிழ் பேசுவார்கள். "அண்ணா, பேசும்போது மட்டும் முன்னால இருந்து கொஞ்சம் மஞ்சள் விடுங்க" என்றால் விட்டுவிடுவார்கள். யாரும் அவர்களிடம் கேட்பதே இல்லை.

ஆனால் இந்தக் கூட்டங்கள்தான் எனக்கு எல்.இ.டி. நடுக்கத்தைக் கற்றுக்கொடுத்தன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்.இ.டி. விளக்கு ஒரு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஓட்டல் அரங்கில் சத்தம் வரக் கூடாது என்று சைலன்ட் ஷட்டரில் போட்டால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடியில் வைத்தால் பட்டை அடங்கும். இது தெரிந்திருந்ததால் இந்திராநகரில் அலங்காரப் பல்பு தொங்கும் உணவகத்துக்குப் போனபோது சிரமமே இல்லை. சீரியல் லைட் சுற்றிய கல்யாண மண்டபத்திலும் அதேதான்.

கல்யாணத்துக்கு வருகிறேன். மணப்பெண் அறைக்குள் என்னை விடுவார்கள், அது பெண்ணாக இருப்பதன் வசதி. சத்திரங்களில் அந்த அறை பெரும்பாலும் சின்னதாக இருக்கும். பச்சையோ நீலமோ அடித்த சுவர், மேலே ஒரு டியூப்லைட். பெண்ணின் கழுத்தில் தங்கம். அந்தத் தங்கம் பச்சைச் சுவரைப் பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். பீன்யா ஷாஃப்டும் ஒட்டியாணமும் ஒரே சாதி. அறையில் எப்போதும் ஒரு வெள்ளை வேட்டி கிடைக்கும். அதைச் சுவர்ப் பக்கம் இரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னால் தங்கம் தங்கமாகிவிடும். "எதுக்கும்மா வேட்டி?" என்று கேட்கிற அத்தைகள், படத்தைக் காட்டியதும் தாங்களே பிடிக்க வந்துவிடுவார்கள். வைரம் இருந்தால் கணக்கு வேறு. தங்கத்துக்கு அகலமான மெத்தென்ற வெளிச்சம் வேண்டும், வைரம் மின்னுவதற்குச் சின்னதாக ஒரு கூரிய வெளிச்சம் வேண்டும். வைரத்தோடு போட்டவர்களுக்கு ஒரு சிறிய டார்ச்சைத் தூரத்திலிருந்து பிடிக்கச் சொல்வேன். நகைக்கடை விளம்பர வேலை ஒன்றில் கற்றது அது.

பெங்களூர்த் தமிழ்க் கல்யாணங்களில் பாதிக்குப் பாதி கன்னடச் சம்பந்தம் கலந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அப்போது தாலி கட்டுவது மட்டும் தெரிந்தால் போதாது. நடுவில் திரை பிடித்திருப்பார்கள். திரை இறங்கியதும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைப்பார்கள், ஜீரிகே பெல்ல என்பார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அடுத்து தாரை வார்ப்பது. இரண்டு குடும்பத்திலும் உள்ள பெரியவர்களிடம் முந்தைய நாளே உட்கார்ந்து, எது எப்போது, யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். இந்தப் பழக்கத்தைக் கல்யாணத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் பயன்படுத்துகிறேன். உருக்கு ஊற்றும் பட்டறையில் உலோகம் எந்த நேரம் வழியும், எவ்வளவு நேரம் வழியும், எங்கே நின்றால் ஆபத்து இல்லை என்று ஃபோர்மேனிடம் கேட்பது மாமாவிடம் முகூர்த்த நேரம் கேட்பதுபோலத்தான். கல்யாணத்தில் முகம் சுளிக்காமல் தாத்தா பாட்டிகளை நிறுத்தி எடுத்துப் பழகியதால், கேமராவைக் கண்டால் விறைத்துக்கொள்ளும் மெஷின் ஆபரேட்டரையும் இயல்பாக நிற்கவைக்க முடிகிறது. அவர் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, அது எதற்கு என்று கேட்டால் போதும். விளக்கத் தொடங்கியதும் தோள் தானாக இறங்கிவிடும்.

வெளிப்புறப் படங்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெங்களூரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மதியம் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். கண் குழிகளில் நிழல் விழும். ஜோடிப் படம் வேண்டும் என்பவர்களை விடியலில் எழுப்பிவிடுவேன். லால்பாக், கப்பன் பூங்கா என்றால், எடுக்க அனுமதி உண்டா என்று தோட்டக்கலைத் துறையிடம் முதலில் கேட்க வேண்டும். மழைக் காலத்து மேகம் மூடிய பகல் எல்லாவற்றுக்கும் நல்லது.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று, எழுத்தில் ஒப்பந்தம். 1957இன் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், முதல் உரிமையாளர் அவர்தான், எடுத்தவர் இல்லை. நம்மில் பலருக்கு இது தெரியாது. "நான்தானே எடுத்தேன்" என்று பின்னால் சண்டை போட்டுப் பயன் இல்லை. மெனுவுக்கு என்று எடுத்த படம் ஊர் முழுக்கப் பேனரில் ஏறினால் கூடுதல் பணம் வேண்டும் என்று நினைத்தால், அதை முதலிலேயே கொட்டேஷனில் எழுதுங்கள். எங்கே, எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்றும் எழுதுங்கள்.

பணம் வராத கதையும் உண்டு. ஒரு நிகழ்ச்சி நிறுவனம் மாதக்கணக்கில் பாக்கி வைத்தது. அக்கவுன்ட்ஸ் ஆள் ஊரில் இல்லை, கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில், அடுத்த வாரம் நிச்சயம். போன் செய்கிற ஒவ்வொரு தடவையும் என் உழைப்புக்கு நானே கெஞ்சுவது எரிச்சலாக இருந்தது. பிறகு சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்டேன். அதற்குக் கட்டணம் இல்லை. 2006இன் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, அப்படிப் பதிந்த சிறு, குறு தொழில் செய்பவருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு தர வேண்டும். இப்போது என் இன்வாய்ஸின் அடியில் அந்தப் பதிவு எண்ணும் இந்த வரியும் இருக்கும். அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது.

அடுத்த வாரம் காக்ஸ் டவுனில் ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு வேலை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், மூன்றும் கண்ணாடிப் பாட்டிலில். கண்ணாடிக்கு எஃகின் கணக்கு கொஞ்சம் பொருந்தும், முழுக்கப் பொருந்தாது. எண்ணெயின் நிறம் தெரிய வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பாட்டிலின் விளிம்பு தெரிய இரு பக்கமும் கறுப்பு அட்டை வேண்டும், ஆனால் முன்னால் ஒட்டிய காகித லேபிள் அப்போது இருட்டாகிவிடும். லேபிளுக்கு மட்டும் முன்னாலிருந்து தனியாக ஒரு சின்ன வெளிச்சம் விட வேண்டும். கடைக்கார அண்ணனிடம் லேபிள் ஒட்டாத பாட்டில்கள் வகைக்கு இரண்டு தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன், அட்டை பிடிக்க ஆள் வேண்டும்.